மிஷின் ஓடும்போது சொன்னது

மைனி பொய் சொல்லும்போது அவள் கால் ஓடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் எங்கள் கட்டிடத்தில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். தையல் மிஷினின் மிதியில் அவள் கால் ஆடிக்கொண்டிருந்தால் வாயிலிருந்து வருவது கதை. கால் நின்று, கைச்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு ஏதாவது சொன்னாளென்றால் அது நிஜம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த விஷயமில்லை இது. எங்கள் கட்டிடத்துப் படியில் மூன்றாவது படி மட்டும் சற்று உயரம். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள், எங்கள் கால் தானாகவே தூக்கி வைக்கும். அந்த மாதிரிப் பழகிப்போன ஒன்று.

அவளைப் பற்றி முறையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. நாகர்கோவில் பக்கத்து ஊர் என்பது பேச்சிலேயே தெரியும். அண்ணியை அங்கே மைனி என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். திருவனந்தபுரத்துக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால் மிஷினை மிதித்தபடியே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வாள். ரயிலில் தூங்கிப்போய் இறங்க மறந்துவிட்டேன், பிறகு இந்த ஊரே என் ஸ்டேஷன் ஆகிவிட்டது என்பாள். காற்றில் பறந்த குடையைத் துரத்திக்கொண்டு வந்தேன், குடை தம்பானூரில் நின்றது, நானும் நின்றுவிட்டேன் என்பாள். எனக்குக் குடைதான் பிடித்திருந்தது. இன்றைக்கு யாராவது கேட்டால் குடையையே சொல்லுகிறேன்.

நான் அப்போது கீழே ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலையில் இருந்தேன். விற்ற சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கவும் ஓரம் அடிக்கவும் மாடிக்குக் கொண்டுபோவது என் பாடு. மைனியின் அறை ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை. அந்த ஜன்னலின் குறுக்கே ஒரு கொடி. தைத்து முடித்த சேலைகளை அதில் போட்டு வைத்திருப்பாள். மத்தியானம் மேற்கே சாய்கிற வெயில் அந்தச் சேலைகள் வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு நாள் தரையெல்லாம் குங்கும நிறமாக இருக்கும். ஒரு நாள் பாசி பிடித்த குளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி அறை முழுக்கப் பச்சையாகக் கிடக்கும். கீழே கடைத்தெருவின் கூச்சல், மூட்டை இறக்குகிறவர்களின் 'வழி, வழி', மிளகாய் நெடி, எல்லாம் மாடி ஏறி வருவதற்குள் களைத்துப் போயிருக்கும். அதற்குள் இந்தக் கடகட சத்தம். அந்தச் சத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவள் குரல். ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டியவள் அரை மணி நேரம் இருந்துவிட்டு, கீழே முதலாளியிடம் ஏச்சு வாங்குவேன். மறுநாளும் போவேன்.

அவள் கதைகளில் யாரும் கெட்டுப்போனதில்லை. சங்குமுகத்துக் கடல் ஒரு நாள் நீலச் சேலை கட்டிக்கொண்டு சாலைக்குச் சாமான் வாங்க வந்தது. கரைக்குத் திரும்பிப் போக வழி தெரியாமல் ஆரியசாலை முக்கில் நின்று விழித்தது. பழவங்காடியில் ஒரு யானை தேங்காய் வாங்க வரிசையில் நின்றது. முன்னால் நின்ற கிழவர் "நீ போ மக்ளே, உனக்கு வேலை இருக்கும்" என்று வழி விட்டார். இப்படித்தான் இருக்கும். கேட்டுவிட்டுக் கீழே இறங்கினால் தெரு கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். யானை நின்ற இடத்தை ஒதுங்கி நடந்திருக்கிறேன், பொய்யென்று தெரிந்தும்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் நிரந்தர வில்லன் எதிர்ச்சாரி அரிசிக்கடை அண்ணாச்சி. பச்சைக் கதவு போட்ட கடை. நெல்லைப் பக்கத்து மனிதர், பெரிய உடம்பு, சின்னக் குரல். சேலை கட்டி வந்த கடலுக்கே உப்பு விற்றவர் அவர்தான். நிலாவை எடை போட்டு வாங்கி, தேய்ந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனவரும் அவர்தான். அவருக்கு இதில் பெருமை சொல்லி முடியாது. வியாபாரம் தணிந்த நேரத்தில் தோளில் துண்டோடு எங்கள் படியடியில் வந்து நிற்பார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு என்னை என்ன பண்ணியிருக்கே?"

"இன்னைக்கு உங்களுக்கு லீவு அண்ணாச்சி. நாளைக்கு ஒரு பெரிய திருட்டு இருக்கு, வந்துருங்க."

அவர் குலுங்கிச் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து போவார்.

எங்கள் கட்டிடத்தில் எந்தச் செய்தி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "மிஷின் ஓடும்போது சொன்னதா, நின்னப்பெறகு சொன்னதா?" மைனிக்குச் சம்பந்தமே இல்லாத செய்திக்கும் இதைக் கேட்போம். தேர்தல் நேரத்தில் தெருமுனையில் ஒருவர் மைக்கில் வாக்குறுதி கொடுத்தபோது வெல்லமண்டிக்காரர் இதைக் கேட்டு, கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். பிறகு எல்லார் கையிலும் தொடுகிற போன் வந்தது. இதைத் தின்றால் சர்க்கரை போகும், அதைத் தொட்டால் கை போகும் என்று குரூப் குரூப்பாக வந்து விழத் தொடங்கியது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியடியில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். மைனி மேலேயிருந்து சொல்வாள்:

"இதுல மிஷின் சத்தம் கேக்கலியே அண்ணாச்சி. எதைன்னு எடுக்க?"

அன்றைக்கு அதைப் பெரிய பகடி என்று சிரித்தோம்.

அவள் காலை நிறுத்தி என்னிடம் சொன்னது மிகக் கொஞ்சம். அதில் ஒன்று மறக்கவே மறக்காது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை அடித்துக்கொண்டிருந்த மத்தியானம். ஜன்னலில் வெள்ளைச் சேலை ஒன்று, கரை மட்டும் பொன். அறையெல்லாம் பால் கலந்த வெளிச்சம். அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பதாகச் சொல்வாள். அவரைப் பற்றி அவள் சொல்லாத கதை கிடையாது. கப்பலில் பலகாரக்கடை போட்டிருக்கிறார், பாலைவனத்தில் மீன் வளர்க்கிறார், இப்படி. நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அண்ணன் எப்ப வாராரு மைனி?"

கால் நின்றது. சக்கரத்தின் மேல் கை போயிற்று. மழைச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

"அவரு வரமாட்டாரு பிள்ளே. அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்கு. எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் தெரியாது."

நான் கையிலிருந்த சேலையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்தாள். கால் மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஆனா கேட்டியா, அந்த வீட்டுல ஒரு ஒட்டகம் நிக்கி. அது நல்ல தமிழ் பேசும். அவரு பொய் சொன்னா அது மட்டும் நம்பாது."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவளுக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அவள் பொய் யாரையும் ஏமாற்றுவதற்கல்ல, நிஜத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவதற்கு ஒரு பலகை. இதைக்கூட அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. வயதான பிறகு யோசிக்கிறேன்.

பொங்காலைக்கு முந்தின வாரம் சாலைத் தெருவைப் பார்க்க வேண்டும். ஊரிலுள்ள பெண்களெல்லாம் ஆற்றுகால் அம்மைக்குத் தெருவிலேயே மூன்று செங்கல் வைத்து, புதுப்பானையில் பச்சரிசி பொங்குகிற திருவிழா. மண்பானைகள் நடைபாதை முழுக்கக் கவிழ்ந்து கிடக்கும். வெல்லத்தில் ஈ மொய்க்கும். அண்ணாச்சி அந்த ஒரு வாரத்துக்காகத்தான் ஆறு மாதமாக அலைவார். அந்த வருடம் புதிதாக ஒரு பச்சரிசி இறக்கியிருந்தார். கண் கூசுகிற மாதிரி மினுமினுப்பு. கைப்பொருள் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் மத்தியானம் ஒன்றில் நான் மாடியில் இருந்தேன். கரமனைப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண், முதல் தடவையாக, கல்யாணச் சேலைகளோடு வந்திருந்தாள். மைனிக்குப் புது ஆள் கிடைத்தால் உற்சாகம் தாங்காது. கால் வேகம் பிடித்தது.

"கேட்டியா பிள்ளே, எதுத்தாப்புல பச்சைக் கதவுக் கடையில அரிசி இறக்கியிருக்காங்கல்லா, அது அரிசியே இல்ல. மெழுகு. உருக்கி, ஒண்ணு ஒண்ணா அரிசி கணக்கா வார்த்து எடுக்காங்க. அதான் அந்த மினுக்கம். பொங்காலைக்கு அதைப் போட்டா பொங்காது. எத்தனை கொதும்பு வெச்சு எரிச்சாலும் பொங்காது. போன வருசம் ஒரு பொண்ணு போட்டுட்டா. எல்லார் பானையும் பொங்குது, நாக்கைச் சுழட்டிக் குரவை போடுதாங்க, அவ பானை மட்டும் சும்மா இருக்கு. மூடியைத் தொறந்து பாக்கா. உள்ள சோறு இல்ல. கண்ணாடி கணக்கா உறைஞ்சு கெடக்கு. அதுல அவ முகம் தெரியுது. இப்ப உள்ள முகம் இல்ல பிள்ளே. சின்னதுல இருந்த முகம்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கையில் போன். அக்காளுக்கு அனுப்ப வேண்டும் என்று பதிவு செய்துகொண்டிருந்தாள். "அய்யோ சேச்சி, எந்தொரு கத!" என்று சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைனியும் சிரித்தாள். காலை எடுத்தாள். சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். அதற்குள் அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"நல்ல அரிசி பிள்ளே. நானும் அதுதான் வாங்கி வெச்சிருக்கேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். போகும்போது அண்ணாச்சி கடையில் இறங்கி அரிசி வாங்கிக்கொண்டுதான் போனாள். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன்.

அவள் அக்காளுக்கு அனுப்பியபோது கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இந்தச் சேச்சி எப்படிப் புளுகுறாங்க கேளு.' கூடவே சிரிக்கிற முகங்கள். அக்காள் தன் குடியிருப்பு குரூப்பில் போட்டபோது குரல் மட்டும் போயிற்று. வரி பின்தங்கிவிட்டது. பிறகு அது எப்படி எப்படிப் போனதென்று யாருக்குத் தெரியும். இரண்டு நாளில் களியக்காவிளையிலிருந்து என் அக்காளே எனக்கு அனுப்பினாள். மேலே இப்படி எழுதியிருந்தது: 'பொங்காலைக்கு அரிசி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. மில்லுக்குள் வேலை செய்யும் ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்துச் சொன்னது. பின்னால் மில் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள்.'

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மில்லாம். எங்களுக்கெல்லாம் 'இது கதை, கதை' என்று சொல்லுகிற அந்தக் கடகட சத்தத்தையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது. சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

சிரிப்பு தெருவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பொங்காலை வாரத்தில் நிற்க இடமில்லாத கடை. பச்சைக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே அண்ணாச்சி தனியாக இருக்கிறார், மூட்டைகள் உத்தரம் வரைக்கும் நிற்கின்றன. வந்த பெண்கள் கதவைப் பார்த்தார்கள், ஒருத்தி மற்றவள் தோளைத் தொட்டாள், இருவரும் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். நாங்கள் மைனியைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் அதைத்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டார்.

"அந்தச் சின்ன வயசு முகம் நல்லா இருக்கு தங்கச்சி" என்றார். "ஆனா ஆளுதான் வரல்ல."

மைனி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பதறிப்போய் ஒரு சாக்கை எடுத்து விரித்தார். "தரையில தூசி, தூசி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரிகள் வந்து அரிசியைச் சோதித்தார்கள். நல்ல அரிசி என்று காகிதம் கொடுத்தார்கள். அண்ணாச்சி அதைக் கதவில் ஒட்டினார். யாரோ அதைப் படம் பிடித்து, 'கடை மீது நடவடிக்கை, கதவில் நோட்டீஸ்' என்று போட்டார்கள். வாசிக்க யாருக்கு நேரம். கதவு பச்சைதானே என்று பார்த்தார்கள், அது போதும்.

டீக்கடை டிவியில் ஒரு மலையாளச் சானல் இதை விவாதித்தது. நாலு கட்டத்துக்குள் நாலு பேர். உண்மை செத்துவிட்டது என்றார் ஒருவர். இல்லை, இப்போதுதான் உண்மை வெளியே வருகிறது, ஒரு ஏழைப் பெண்ணின் குரலை அமுக்கப் பார்க்கிறீர்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, பின்னணிச் சத்தம் மில் இயந்திரம்தான், சந்தேகமே இல்லை என்றார். புதிதாக வந்த அரிசியைப் போன வருடம் எப்படி ஒருத்தி பொங்கினாள் என்று நாலு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, என் மிஷினு மில்லாட்டி?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைப் பத்தித்தானே பேசுதாங்க. நான் இங்கதானே நிக்கேன். ஒருத்தனாவது மேல ஏறி வந்து கேக்கலாம்லா" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

சரி, நாமே சொல்லுவோம் என்று என் போனில் பதிவு செய்தோம். மாடி அறை, அதே ஜன்னல். காலைத் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டாள். சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள், போனுக்கு அது தெரியும் என்கிற மாதிரி. "நான்தான் அந்தக் கதையைச் சொன்னது. அது வெறும் கதையாக்கும். அண்ணாச்சி அரிசி நல்ல அரிசி. மிஷின் நிக்கி, கேட்டுக்கோங்க" என்று நிதானமாகச் சொன்னாள். இதைவிடப் பெரிய சத்தியம் அவளிடம் கிடையாது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாலைக்குள் பதில் வந்தது: 'இது கடைக்காரன் மிரட்டி வாங்கினது. கவனியுங்கள், இதில் மில் சத்தமே இல்லை.'

கரமனைப் பெண் ஓடிவந்தாள். படியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "சேச்சி, நான் சிரிக்கத்தான் அனுப்பினேன். என்னோட அக்காவுக்கு மட்டும்தான் அனுப்பினேன்." மைனி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நானும் சிரிக்கத்தானே சொன்னேன் மக்ளே" என்றாள். அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு வாய்வரை வந்தது. இவள் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

பொங்காலை அன்று சாலைத் தெருவில் அடுப்பு வைக்க இடம் பிடிக்க முந்தின நாளே கல் போட்டு வைப்பார்கள். அந்த வருடம் பச்சைக் கதவுக்கு முன்னால் மட்டும் கல் இல்லை. பல் விழுந்த இடம் மாதிரி வெறுமையாகக் கிடந்தது. விடிந்ததும் மைனி மூன்று செங்கலைக் கொண்டுவந்து அந்த வாசலுக்கு நேரே வைத்தாள். பக்கத்தில் நான் வைத்தேன். அரிசி அண்ணாச்சி கடை அரிசி. மூட்டையை எல்லார் கண்முன்னாலும் அவரே பிரித்து அளந்தார்.

கோவிலில் முதல் அடுப்பு பற்றியதும் தீ அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கை மாறித் தெருத் தெருவாக வரும். அன்றும் வந்தது. எரிகிற ஓலையை நீட்டியவளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. மைனியின் அடுப்பைப் பார்த்ததும் அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு தீயைக் கொடுத்தாள்.

புகை ஊரையே மூடிவிட்டது. மாடிகள் மறைந்தன, கதவுகள் மறைந்தன, பக்கத்தில் இருக்கிறவள் குரலாக மட்டும் இருந்தாள். கண் எரிய எரிய அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்குமோ என்று எனக்கே ஒரு கணம் பயம் வந்தது, மிஷின் ஓடும்போது சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டவளுக்கு. மைனி குத்துக்காலிட்டு அசையாமல் இருந்தாள். கால் விரல்களைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

பொங்கியது. நுரை விளிம்பில் ஒரு நிமிடம் நின்று, பிறகு கிழக்குப் பக்கமாக வழிந்து, செங்கல்லில் சுரீரென்று விழுந்தது. நான் குரவையிட்டேன். புகைக்குள்ளிருந்து யார் யாரோ கூடச் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்தார்.

வழிகிற பானையைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். கடையின் கதவு தெரிய, மைனி முகம் தெரிய, தெளிவான படம். ஒருவரும் மேலே அனுப்பவில்லை. அன்றைக்கு ஊரில் எல்லார் பானையும்தானே பொங்கியது, இதில் அனுப்ப என்ன இருக்கிறது. என் அக்காள் மட்டும் கும்பிடுகிற கைகளைப் போட்டு, 'எங்க பானையும் பொங்குச்சு' என்று பதில் எழுதினாள்.

அந்த அரிசி போன வழியைச் சொல்ல மனமில்லை. கதவை அண்ணாச்சி காப்பிப் பொடி நிறத்தில் பெயிண்ட் அடித்தார். தாழ்ப்பாள் உரசுகிற இடத்தில் பச்சை தெரிந்துகொண்டே இருந்தது. அடுத்த ஓணத்துக்கு முன்னால் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். போகிற அன்று முதல் தடவையாக எங்கள் படி ஏறினார். மூன்றாவது படியில் தடுக்கினார். இத்தனை வருடம் படியடியிலேயே நின்ற மனிதர், பாவம், அவருக்கு அது தெரியாது.

"ஒரு கதை சொல்லு தங்கச்சி. பஸ்ல யோசிச்சுட்டே போவேன்."

மைனி மிஷினில் உட்கார்ந்தாள். கால் ஓடியது. நாங்கள் காத்திருந்தோம். ஜன்னலில் மஞ்சள் சேலை ஒன்று, அவர் வேட்டியெல்லாம் மஞ்சளாக இருந்தது. துணி ஒரு முழம், இரண்டு முழம் ஓடிப் பின்பக்கம் விழுந்தது. அவள் வாய் திறந்து மூடியது.

"வரல்ல அண்ணாச்சி."

"சரி, சரி. பெறகு சொல்லு" என்றார் அவர். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு அந்த மிஷின் பேச்சில்லாமல்தான் ஓடியது. நான் சேலையைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன். முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு அந்த வேலையே சலித்துப்போயிற்று. பிறகு வேலையை விட்டேன், வீடு மாறினேன், மகனுக்குக் கல்யாணமாயிற்று. மைனி காய்ச்சலில் இரண்டு நாள் படுத்து இறந்துபோனாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அதைச் சொன்னவரிடம், பழக்க தோஷத்தில், மிஷின் ஓடும்போது சொன்னதா என்று கேட்டுவிட்டேன். அவர் புது ஆள், விழித்தார்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மருமகள் போனில் ஒன்று அனுப்பியிருந்தாள். மத்தியானம், அடுக்களையில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அழுத்தினேன். கடகட கடகட. அதன் மேல், ஏறி உட்கார்ந்த மாதிரி, மைனி.

"கேட்டியா பிள்ளே..."

கை ஈரத்தைத் துடைக்கவும் தோன்றவில்லை. செத்துப்போனவள் என் அடுக்களையில் பேசுகிறாள். புதுசாகப் பேசுகிறாள், இன்றைக்குக் காலையில் சொன்னது போல. சுவரெல்லாம் குங்கும நிறமாகிற மாதிரி இருந்தது. சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியாமல் அழுதேன். மருமகள் கீழே எழுதியிருந்தாள்: 'அத்தை, உங்க ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கே. எங்க தெருவுலயும் பச்சைக் கதவு அரிசிக்கடை ஒண்ணு இருக்கு. இனிமேல் அங்க வாங்கறதில்லைன்னு எங்க குரூப்ல எல்லாரும் சொல்லிட்டோம்.'

அந்தக் கடையில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக ஒருவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இன்றைக்கு ஏன் ஒருவரையும் காணோம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

உடனே கூப்பிட்டேன். "அது மில்லு இல்லம்மா, தையல் மிஷினு. சொன்னவளை எனக்குத் தெரியும். நான் பக்கத்துலதான் இருந்தேன். அது வெறுதே சொன்ன கதை. உங்க தெருக் கடைக்காரருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மருமகள் மரியாதைக்காரி. கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்படிங்களா அத்தை?" என்றாள். "இது எந்த குரூப்ல வந்துச்சுங்க? எனக்கும் கொஞ்சம் அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். இந்த முறை கடைசிவரை கேட்டேன். சின்ன வயசு முகம் வரைக்கும் சொல்லுகிறாள். அந்தப் பெண் சிரிக்கிறாள். மைனி சிரிக்கிறாள். மிஷின் தணிந்து தணிந்து நிற்கிறது. சக்கரத்தின் மேல் உள்ளங்கை படுகிற மெல்லிய சத்தம்கூடக் கேட்கிறது. ஒரு மூச்சு இழுக்கிறாள். அதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் அப்போது போனைப் பைக்குள் போட்டிருப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மிஷின் நின்று, மூச்சு இழுத்து, அறுந்துபோகிற இடத்தில், அடுக்களையில் யாரும் இல்லாவிட்டாலும், மிச்சத்தை நான் சத்தமாகச் சொன்னேன்.

"நல்ல அரிசி பிள்ளே. நானும் அதுதான் வாங்கி வெச்சிருக்கேன்."